பச்சை காட்டிய பலகை

"இளைப்பு இருக்கிற பிள்ளையை இந்தக் காத்துலயா விளையாட விட்டீங்க?" என்று டாக்டர் கத்தினார். உள்ளே மகள் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தாள்.

"காத்து மாசு காட்டுற பலகை பச்சையா இருந்தாத்தான் விடணும்னு இவர்தான் சொல்லியிருக்காரு. இன்னைக்குப் பச்சைதான் டாக்டர்" என்று மனைவி அழுதாள். "மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல இருக்கிறவருக்குத் தெரியாதா?"

டாக்டர் போனதும் கணவன் தோளில் சாய்ந்தாள். "என்னங்க, சட்டையெல்லாம் ஈரம்?"

அவன் பதில் சொல்வதற்குள் கைப்பேசி அடித்தது. மேலதிகாரியின் உரத்த குரல்.

"சபாஷ்ப்பா! நீ காத்து மாசை அளக்கிற கருவியைச் சுத்தித் தண்ணி பீய்ச்சினதும் பலகை சிவப்புலேர்ந்து பச்சைக்கு வந்துடுச்சு. அமைச்சர் வந்துட்டுப் போற வரைக்கும் தினம் அடிச்சுடு."

"சரிங்க சார்" என்றான், பழக்கத்தில்.

தோளிலிருந்து மனைவியின் தலை மெல்ல விலகியது.