பூவரசம் பலகை

"டேய், மரத்தை ஏறி நின்னா பாப்பாங்க? தட்டிப் பாருடா, மோந்து பாரு. உன்னை மாதிரி ஒருத்தனை நான் பாத்ததே இல்ல."

மரக்கடை தருமன் தலையில் அடித்துக்கொண்டான். அவன் சிநேகிதன் சக்கரபாணியோ செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பலகை பலகையாக ஏறி நின்றுகொண்டிருந்தான். டெலிபோன் ஆபீஸ் குமாஸ்தா. வருகிற தை மாதம் கல்யாணம். மாலை மாற்றும்போது பெண் ஏறி நிற்கப் பலகை ஒன்று வேண்டுமாம். அதையும் தன் கையால்தான் செய்வானாம்.

"தேக்கு எடுத்துக்கடா. என் கல்யாணப் பரிசா இருக்கட்டும்."

"வழவழன்னு இருக்கு. கால் வழுக்கிடும்."

"அப்போ இந்த மாம்பலகை?"

"சீக்கிரம் பூச்சி அரிச்சிடும். இது கடைசி வரைக்கும் எங்க வீட்ல இருக்கணும்."

தருமன் மூலையிலிருந்து இரண்டு பூவரசம் துண்டுகளை இழுத்துப் போட்டான். "இதுதான் உனக்குச் சரி. ஆனா ஒண்ணு தடிமன் ஜாஸ்தி, ஒண்ணு கம்மி. ஒட்டறதுக்கு முன்னாடி ரெண்டையும் சமமா இழைச்சுக்கணும், மறந்துடாதே."

சக்கரபாணி இரண்டின் மேலும் கால் வைத்துப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"உனக்கு ஒரு பலகை வேணாமா?"

"எனக்குத் தரையே போதும்."

"பொண்ணு குள்ளமோ?"

"என் தோளுக்கு வருவா."

தருமன் விழுந்து விழுந்து சிரித்தான். பெண்ணுக்கு ஊர் கீழ்பென்னாத்தூர். தருமன் அவளை இன்னும் பார்த்ததில்லை.

பொங்கல் கழிந்து சக்கரபாணி பலகையோடு வந்தான். பார்த்ததும் தருமனுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. இழைக்காமல் அப்படியே இரண்டையும் ஒட்டி, அடியில் சட்டம் அடித்திருந்தான். ஒரு பாதி மேலே, ஒரு பாதி கீழே.

"அவ்ளோ சொன்னேனேடா! ரெண்டு விரக்கடை தூக்கிட்டு நிக்குது. குடு, இழைப்புளி வெச்சு ஒரு நிமிஷத்துல சமம் பண்ணிடறேன்."

"தொடாதே!" சக்கரபாணி பலகையைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டான்.

"மண்டபத்துல எல்லாரும் சிரிப்பாங்கடா."

"சிரிக்கக் கூடாதுன்னுதான்டா செஞ்சிருக்கேன்."

தருமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே சக்கரபாணியை யாராவது கேலி செய்தால் அவனுக்குத் தாங்காது. கல்யாண மேடையில், பெண் வீட்டார் முன்னால், வீடியோக்காரன் வேறு படம் பிடிக்கும்போது இவன் தலைகுனிவதா? அன்றைக்கே நல்ல தேக்கில் ஒரு பலகை செய்து, கண்ணாடி போல இழைத்து வைத்தான்.

முகூர்த்த நாளன்று அதைத் துண்டில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சன்னதித் தெரு மண்டபத்துக்குள் நுழைந்தான். பயந்தது போலவே ஆகியிருந்தது. மேடையில் பூவரசம் பலகை மேடும் பள்ளமுமாகக் கிடந்தது.

"என்னாது இது, பலகையா படிக்கட்டா?" என்று முன்வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் தூரத்து அத்தை பச்சையம்மாள் கேட்க, சுற்றிலும் ஒரே சிரிப்பு.

தருமன் மேடையேறி மாப்பிள்ளையின் காதருகே குனிந்தான். "மாப்ள, நான் வேற கொண்டாந்திருக்கேன். சட்டுனு மாத்திடறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

சக்கரபாணி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "இருடா. கஸ்தூரி வரட்டும்."

நாதஸ்வரம் உயர்ந்தது. மணமகள் அறைக் கதவு திறந்தது. தோழியின் தோளைப் பிடித்தபடி, அடிக்கொரு தரம் இடப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்து, தலை குனிந்தவாறே கஸ்தூரி நடந்து வந்தாள். முன்வரிசையில் சிரிப்பு நின்றது.

சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து குட்டையாகிப்போன இடது காலைத் தடித்த பாதியிலும், வலது காலை மெல்லிய பாதியிலும் வைத்து, தோழியின் தோளிலிருந்து கையை எடுத்தாள். அத்தனை பேர் பார்க்க, துளிகூடச் சாயாமல், நேராக நிமிர்ந்து நின்று சக்கரபாணிக்கு மாலை போட்டாள்.