பதினேழாம் நம்பர் கல்

"அந்த ஒரு கல்ல மட்டும் எடுக்காதீக சார். ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்."

சிமென்ட் அப்பிய கையை அப்படியே கூப்பிக்கொண்டு நின்றாள் லூர்து மேரி. யோகேஸ்வரனுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஒரு கல்லுக்காக யாராவது கும்பிடுவார்களா?

கல் என்றால் ரோட்டில் கிடக்கிற கல் இல்லை. இடுப்பு உயரத்துக்கு சிமென்டில் வார்த்தது. செத்துப்போன பவளப்பாறைகளுக்குப் பதிலாகக் கடலுக்கு அடியில் இறக்குவது. சிமென்டில் எவ்வளவு சிப்பித் தூள் கலந்தால் அதில் பவளம் ஒட்டி வளரும் என்பதுதான் யோகேஸ்வரனின் மூன்று வருட ஆராய்ச்சி. அக்காள்மடத்துக் கரையில் கொட்டகை போட்டுக் கல் வார்க்கிறார்கள். முதல் நாளிலிருந்து அங்கே கலவை குழைப்பவள் லூர்து மேரி.

"அக்கா, பதினேழாம் கல்லக் கடல்லருந்து தூக்க நாளைக்குக் காலையில கிரேனோட படகு வருது. எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. இப்பப் போயி எடுக்காதேன்னா எப்படி?"

"வேற கல்ல எடுங்களேன் சார். நூத்திருவது கல்லு கெடக்குல்ல?"

"மத்ததெல்லாம் மொட்டையால்லக்கா கெடக்கு! இங்க பாருங்க."

யோகேஸ்வரன் பரமக்குடிக்காரன். நீச்சல் தெரியாது. கடலுக்கு அடியில் என்ன நடந்தாலும் முக்குளிக்கிற ஆட்கள் எடுத்துவரும் போட்டோவில்தான் பார்ப்பான். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். பதினாறாம் கல்லில் பாசி. பதினெட்டிலும் பாசி. பதினேழில் மட்டும் கோடு கோடாக, வளைவு வளைவாகப் பவளம் மண்டிக் கிடந்தது.

லூர்து மேரி திரையைத் தொட்டாள். தொட்ட விரலை எடுக்கவே இல்லை.

"மாதாவே... பூத்திருக்கா சார்?"

"பூத்திருக்கு. ஏன் பூத்துச்சுன்னுதான் வெளங்கல. அதே சிமென்ட், அதே சிப்பித் தூளு, அதே நாள்ல எறக்குனது. மேல தூக்கி, அறுத்து, லேப்ல வச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"அறுக்கவா?"

அவள் பக்கத்திலிருந்த சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அது அங்கனயே இருக்கணும் சார். ரெண்டு வருசமா அது அங்கன இருக்குங்கிற நெனப்புலதான் நான் இங்கன சோறு திங்கிறேன். காலையில எந்திரிச்சதும் மொதல்ல அந்தப் பக்கந்தான் பாக்குறேன்." கையை நீட்டிக் காட்டினாள். முக்குளிக்கிறவர்களே ஜி.பி.எஸ். வைத்துத் தேடுகிற இடத்துக்கு அவள் கை நேராகப் போனது.

யோகேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏக்கா, ஆட்டுக்குட்டி, கோழின்னாப் பாசம் வைக்கலாம். சிமென்டுக் கல்லு மேலயா?"

அவள் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் மேஸ்திரி தங்கப்பாண்டி நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் சார். சொன்னா என்னய வேலைய விட்டு அனுப்பிருவீக. அனுப்புங்க, பரவால்ல. கல்ல மட்டும் எடுத்துறாதீக."

"மொதல்ல என்னன்னு சொல்லுங்க."

"சிமென்ட் ஈரமா இருக்கையில ஆணிய வச்சுக் கீறிட்டேன். மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தாக. அந்தப் பதினேழுல மட்டுந்தான் சார், சத்தியமா."

கல்லில் ஒரு கீறல் விழக்கூடாது, விழுந்தால் ஆளை நிறுத்திவிடுங்கள் என்று உத்தரவு போட்டதே யோகேஸ்வரன்தான். எல்லாக் கல்லும் வழவழவென்று ஒன்றுபோல இருந்தால்தான் சோதனை சரியாக வரும் என்பது அவன் எண்ணம். இப்போது அவனே துள்ளி எழுந்தான்.

"எவ்வளவு ஆழம்?"

"நகக்கண்ணு முங்குற ஆழம்."

"அட கடவுளே! சிப்பித் தூளு, சிப்பித் தூளுன்னு மூணு வருசம் மண்டையப் போட்டு ஒடச்சேனேக்கா!" தலையில் அடித்துக்கொண்டான். "பவளக் குஞ்சு கடுகவிடச் சின்னது. வழவழன்னு இருக்குற எடத்துல ஒட்டுனா மீனு சொரண்டித் தின்னுட்டுப் போயிரும். ஒங்க கீறலுக்குள்ள ஒளிஞ்சதெல்லாம் பொழச்சிருச்சு!"

"அப்ப... அறுக்க வேண்டியதில்லையா சார்?"

"எதுக்கு அறுக்கணும்? அது அங்கனயே கெடக்கட்டும்!"

முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு லூர்து மேரி அழுதாள். வேலை தப்பித்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டான் யோகேஸ்வரன். பாவம், எவ்வளவு பயந்திருந்தாளோ.

"அழாதீங்கக்கா. திங்கக்கெழம நாப்பது கல்லு வாக்குறோம். நாப்பதுலயும் இதே மாதிரிக் கீறிருங்க. ஆமா, என்னத்தக் கீறுனீங்க? பூவா, கோலமா?"

"சும்மா கைக்கு வந்தபடி சார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்படிக் கீறுனாலும் வளருமா?"

"எப்படி வேணாலும் கீறுங்க. ஆழம் கொறையக் கூடாது, அவ்வளவுதான்."

"வேற வேற ஆளு வந்து கீறுனா?"

"ரொம்ப நல்லதாப் போச்சு! நானே கேக்கணும்னு இருந்தேன்."

திங்கட்கிழமை கொட்டகைக்கு வந்த யோகேஸ்வரன் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஈரக் கற்களைச் சுற்றி அத்தனை பெண்கள், ஆளுக்கொரு ஆணியோடு. இவ்வளவு பேர் கூடியும் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை.

"என்னக்கா இது, ஊரையே கூட்டிட்டு வந்துட்டீங்க? நாலு ஆளு போதாதா?"

"அவுகவுக வீட்டு ஆளு பேர அவுகவுகதான எழுதணும் சார்?" என்றாள் லூர்து மேரி. "கடலுக்குப் போயி ஒடம்பு கெடைக்காமப் போனவுகளுக்குக் கரையில ஏது கல்லறை? பதினேழு, எங்க வீட்டுக்காரவுக."