மஞ்சள் பந்து

சிறுமியின் நெற்றியில் தசை இறுக்கத்தை அளக்கும் மூன்று வில்லைகள் ஒட்டியிருக்கின்றன. அவற்றின் ஒயர்கள் மேசைமேல் இருக்கும் சின்னப் பெட்டிக்குப் போகின்றன. திரையில் ஒரு மஞ்சள் பந்து. நெற்றித் தசை தளர்ந்தால் அது புல்தரைக்கு இறங்கும், இறுகினால் மேலேறும். வீட்டிலும் பள்ளியிலும் 'வாலு' என்று பெயரெடுத்தவள் இன்று ஆணியடித்தாற்போல் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கைகளும் தொடைக்கு அடியில். பின்னால் அவள் அப்பா கால்மேல் கால் போட்டிருக்கிறார். "பாத்தீங்களா மேடம்? ஆட்டமெல்லாம் உங்ககிட்டயும் அவ அம்மாகிட்டயும்தான். நான் இருந்தா மூச்சு விடமாட்டா." சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் திரையைப் பார்க்கிறாள். பந்து உச்சியில் ஒட்டிக்கொண்டு நடுங்குகிறது. "மெஷின்ல ஏதோ கோளாறு சார். கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" கதவு சாத்திக்கொள்கிறது. ஷூ சத்தம் நடைவழியில் தேய்ந்து மறைகிறது. முதலில் சிறுமியின் ஒரு கால் ஆடுகிறது, பிறகு மற்றது. நாற்காலி கிறீச்சிடுகிறது. வெளியே வந்த கை முழங்காலைச் சொறிகிறது, வாய் எதையோ முணுமுணுக்கிறது. பந்து தயங்கித் தயங்கி இறங்கிப் புல்லைத் தொடுகிறது. "மிஸ், இறங்கிருச்சு!" அந்தக் கால்களை ஆடாமல் நிறுத்தத்தான் பயிற்சியாளருக்குச் சம்பளம். "ஆமாண்டா தங்கம்" என்கிறாள், நிறுத்தச் சொல்லவில்லை. நடைவழியில் மறுபடி ஷூ சத்தம். கால்கள் நிற்கின்றன. கைகள் தொடைக்கு அடியில் போகின்றன. கதவு இன்னும் திறக்கவில்லை. பந்து உச்சிக்குப் போய்விட்டது.