மீட்டர் சொன்ன ஆயுள்

நாகலிங்கத்தின் பழங்காலக் கார் இப்போதெல்லாம் மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டும்தான் வெளியே வரும். முன்னால் நாதஸ்வரக்காரர் நின்று நின்று வாசிப்பார். அவர் நகர்ந்தால்தான் காரும் நகரும். ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரம் ஆகும்.

"இந்த மாதம் எத்தனை கிலோமீட்டர் போட்டிருக்கிறாய்?" என்று எஞ்சின் கேட்டது.

"ஏழு" என்றது மீட்டர்.

"இருபது மணி நேரம் கொதித்திருக்கிறேன். பிஸ்டன் தேய்ந்து புகை கக்குகிறேன். ஏழா?"

"சக்கரம் சுற்றினால்தான் எனக்குத் தெரியும். நீ நின்ற இடத்தில் வெந்தால் நானா பொறுப்பு?"

"பொறுப்பில்லை என்றால் வாயை ஏன் திறக்கிறாய்? உன்னைப் பார்த்துத்தானே அந்த ஆள் என்னைச் சாகடிக்கிறான்."

உண்மைதான். எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்தே ஆகவேண்டும் என்று மெக்கானிக் இரண்டு முறை வந்து சொன்னார். நாகலிங்கம் இரண்டு முறையும் மீட்டரைக் காட்டினார்.

"ஒரு லட்சம் கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும்யா. இன்னும் பாதிகூட ஓடலை."

அடுத்த ஊர்வலத்தில், தேரடி முனையில், உள்ளே எல்லாம் இறுகிப்போய் எஞ்சின் நின்றுவிட்டது. மாப்பிள்ளையை இறக்காமலே பத்துப் பேர் காரை மண்டபம் வரை தள்ளினார்கள். சக்கரம் சுற்றியது.

"இன்னும் ஒன்று ஏறிவிட்டது" என்றது மீட்டர்.



நாகலிங்கம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மீட்டரை எட்டிப் பார்த்தார்.

"நாப்பத்தோராயிரம்தான் ஓடியிருக்கு. அதுக்குள்ள படுத்துடுச்சு, சோம்பேறி."