மருந்துக்கு மறுநாள்

"தயிரோட கருஞ்சீரகத்த இடிச்சுப் போடுங்க. முழுசாப் போட்டா கோழி தின்னாம ஒதுக்கிப் போடும். விளங்கிச்சா?"

குவைத்திலிருந்து நஸீறா கத்தினாள். ஏறாவூரில், கோழிக்கூட்டின் முன்னால் குந்தியிருந்த அவள் கணவர் ஜிப்ரி, போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார்.

"இதெல்லாம் ஆரு உனக்குச் சொன்ன?"

"இங்க கோழிப் பண்ணையில வேல செய்யிற பெங்காலி நானா. தடுப்பு மருந்து விடுறதுக்கு முதல் கொஞ்ச நாளைக்கு இதக் குடுத்தா, மருந்து உடம்புல நல்லாப் பிடிக்குமாம்."

"எருமத் தயிரு கோழிக்கி! எனக்கு எண்டைக்காவது இப்பிடி ஒரு கரண்டி தந்திருக்கியா?"

"நீங்க என்ன, முட்டையா போடுறீங்க?"

ஜிப்ரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"இஞ்சேருங்க, மருந்து விடுற அண்டைக்கு ஒண்டும் கலக்காதீங்க. வெறுந்தண்ணிதான். நான் வாற வரைக்கும் அந்தக் கூடு வெறுமையாகக் கூடா. மறுநாளைக்கு என்ன குடுக்கிறதெண்டா... அல்லாஹ், மேடம் கூப்பிடுறா. நாளைக்குச் சொல்றன்."

மருந்து விடும் நாளன்று கால்நடை அலுவலகத்திலிருந்து பிரஷாந்தி வந்தாள். இந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்த புதியவள். ஜிப்ரி ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் கொடுக்க, கண்ணில் ஒவ்வொரு சொட்டு விட்டாள். முடிந்தபோது வெயில் ஏறிவிட்டது. கூட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஜிப்ரியால் எழும்ப முடிந்தது.

நிழலில் இருந்த சட்டியைப் பிரஷாந்தி எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன நானா, தயிரா?"

"கோழிக்கித்தான் மிஸ். கருஞ்சீரகமும் போட்டு நேத்து வரைக்கும் குடுத்த நான்."

"நல்ல வேலை. மருந்துதான் முக்கியம், இது அதுக்குத் துணை. நாளையில இருந்து இன்னும் ஒரு கிழமைக்குக் குடுங்க. ஆத்துக்கு அங்கால கோழியெல்லாம் தூங்கித் தூங்கிச் சாகுது."

"நாளைக்கு வெறுந்தண்ணிதான் மிஸ்."

"ஏன்?"

"வீட்டுக்காரி இன்னும் ஒண்டும் சொல்லல்ல."

பிரஷாந்தி வாய்விட்டுச் சிரித்தாள். "பெண்சாதிக்கு இவ்வளவு பயமா நானா?"

"ஓம் மிஸ். கோழியெல்லாம் அவட."

"ஆள் எங்க?"

"குவைத்துல."

"அப்ப ஒரு கோல் எடுத்துக் கேளுங்களேன்."

"எடுத்துப் பாத்த நான். அவ எடுக்கிறால்ல."

"உங்கட விருப்பம். கோழி செத்தா என்னில பிழை சொல்லக் கூடா."

"சொல்ல மாட்டன்," என்றார் ஜிப்ரி களைப்புடன்.

மறுநாள் விடிந்ததும் தவிட்டில் தயிரை விட்டுப் பிசைந்தார். மணத்துக்குக் கோழிகள் காலைச் சுற்றிக்கொண்டன. மிஸ் சொன்னது சரியாகத்தான் இருக்கும். கூடு வெறுமையாகக் கூடாதென்று சொன்னவளும் நஸீறாதானே. வைத்துவிட்டால் என்ன?

குனிந்தார். கை பாதியில் நின்றது. அப்படியே நிமிர்ந்து, சட்டியைக் குசினிக்குள் கொண்டுபோய் மூடி வைத்தார். கிணற்றில் தண்ணீர் அள்ளி வந்து தொட்டியில் ஊற்றினார். கோழிகள் குடித்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றன.

'நாளைக்குச் சொல்றன்' என்றாளே நஸீறா, அந்த நாளைக்குக் குவைத்திலிருந்து வந்தது அவளுடைய மரணச் செய்திதான். அது நடந்து ஏழு வருடமாகிறது. அவள் வளர்த்தவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை, கூட்டில் நிற்பவை அவற்றின் பேரக்குஞ்சுகள். மருந்துக்கு மறுநாள் அவற்றுக்கும் வெறுந்தண்ணீர்தான்.