வாட்டம் பார்த்த பந்து

கழிவுநீர்க் கசடை உரமாக்கும் களத்தில் விழுகிற மழை ஊருக்குள் போய்விடக் கூடாது. அதற்காகப் பொறியாளர் சுடர்விழி வரைந்து கொடுத்த வாய்க்காலை இரண்டு முறை உடைத்துக் கட்டியாகிவிட்டது. சரிவு வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருந்தது. இன்றும் மழை. பூட்ஸ் காயாததால், நெல்லித்தோப்புக் கடைத்தெருவில் பச்சை நூலால் வார் தைத்து வாங்கிய செருப்போடு வந்திருந்தாள். உடம்பெல்லாம் அலுப்பு. இந்தத் தடவையும் ஓடாவிட்டால் இந்த வேலையே வேண்டாம் என்று இருந்தது.

மேட்டில், வாய்க்கால் கரையில் நின்று, வாட்டம் பார்க்க ஒரு பந்தை ஓட்டத்தில் விட்டாள். கீழே, தண்ணீர் வந்து சேரும் குட்டையருகே நின்ற மேஸ்திரி முருகையனுக்குப் போன் போட்டாள்.

"பந்து வந்துச்சாண்ணா?"

"பந்து இன்னும் வரல மேடம். உங்க செருப்புதான் வந்திருக்கு. வார்ல பச்ச நூல் போட்டது. வெறுங்கால்ல நடக்காதீங்க, ஆணி கெடக்கும்."

சுடர்விழி குனிந்து பார்த்தாள். இரண்டு செருப்பும் காலில்தான் இருந்தன. கரை மண் காலடியில் மெத்தென்று இளகிக்கொண்டிருந்தது. காலை எடுக்க நினைத்தாள். எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை.

"தண்ணி நல்லா ஓடுது மேடம்" என்றார் முருகையன் சந்தோஷமாக. "இதோ, இன்னொரு செருப்பும் வருது."