மருந்துத் தண்ணீரில் ஒரு கப்பல்

ஜப்பானின் குரே துறைமுகத்துப் புகைப்படக்காரர் கன்சாக்கியின் இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. போரில் தோற்றாயிற்று, கப்பல் படங்களையெல்லாம் இன்றே அழித்துவிட உத்தரவு. அதற்குமுன் ஒரே ஒரு பிரதி கேட்டு வந்து நிற்கிறாள் சுமியே. அவள் கணவன் வேலை பார்த்த போர்க்கப்பல் போன மாதம் அவனோடு மூழ்கிவிட்டது. கன்சாக்கி காகிதத்தை மருந்துத் தண்ணீரில் அமிழ்த்தி, தட்டை மெல்ல ஆட்டுகிறார். முதலில் பீரங்கிகள் கருக்கின்றன. பிறகு புகைபோக்கி. பிறகு மேல்தளத்தில் வரிசையாக நிற்கும் மாலுமிகளின் முகங்கள், இன்னும் கண்கள் இல்லாமல், ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. “இவருதான். தொப்பிய எப்பவும் கோணலாத்தான் வைப்பாரு” என்கிறாள். “கொஞ்சம் பொறும்மா, இன்னும் தெளிவா வரும்.” “வேணாங்கய்யா, எடுத்துருங்க. தண்ணிக்குள்ள இருந்தது போதும்.” கன்சாக்கியின் கை நின்றுவிடுகிறது. தட்டில் தண்ணீர் மட்டும் அசைந்துகொண்டிருக்கிறது.